நாலு வயதுச் சிறுமி போட்ட சர்பத் கடை

அந்தச் சிறுமிக்கு நாலு வயது முடிந்து ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

பிறந்த நாளுக்கு மறுநாள் மற்றக் குழந்தைகள் என்ன செய்யும்? புதிய பொம்மையைக் கட்டிக்கொண்டு விளையாடும். மிச்சம் இருக்கும் மிட்டாயைத் தேடும்.

இந்தச் சிறுமியோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் உடம்பில் புற்று நோய். அன்று அவளுக்கு ஒரு பெரிய சிகிச்சை நடந்தது.

அப்போது அவள் தன் தாயிடம் ஓர் ஆசையைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு சர்பத் கடை போட வேண்டுமாம்!

குழந்தை ஏதோ விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு சேர்க்க ஆசைப்படுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. அந்தப் பணத்தை அவள் டாக்டர்களிடம் கொடுக்கப் போகிறாள்.

"எனக்கு உதவியது போல, மற்றக் குழந்தைகளுக்கும் அவர்கள் உதவட்டும்."

இதுதான் அவள் சொன்னது.

இது நடந்தது 2000-ம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவில். அந்தச் சிறுமியின் பெயர் அலெக்ஸாண்ட்ரா ஸ்காட். எல்லோரும் அவளை அலெக்ஸ் என்று அழைத்தார்கள்.

அலெக்ஸ் இன்று உயிரோடு இல்லை. அவளுடைய சர்பத் கடை இருக்கிறது!

ஒரு மேஜை, ஒரு ஜாடி

அமெரிக்காவில் இது ஒரு பழைய வழக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால், சிறு பிள்ளைகள் வீட்டு வாசலில் ஒரு மேஜையைப் போடுவார்கள். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து, சர்க்கரையும் தண்ணீரும் ஐஸ் கட்டியும் சேர்த்து, ஜாடியில் ஊற்றி வைப்பார்கள். அட்டையில் விலையைக் கோணல் மாணலாக எழுதித் தொங்கவிடுவார்கள்.

தெருவில் போகிறவர்கள் நின்று ஒரு கோப்பை வாங்கிக் குடிப்பார்கள். குழந்தைகளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் கையில் சில்லறை சேரும். அதைக் கொண்டு பிள்ளைகள் தின்பண்டமோ பந்தோ வாங்குவார்கள்.

கடை என்று பெயர்தான். உண்மையில் அது விளையாட்டு. இந்த விளையாட்டைத்தான் அலெக்ஸ் வேறு விதமாகச் செய்ய நினைத்தாள்.

முதல் பிறந்த நாள்

அலெக்ஸ் 1996-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பிறந்தாள். ஊர், கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மான்செஸ்டர். தந்தை பெயர் ஜே. தாய் பெயர் லிஸ். மூத்தவன் பாட்ரிக். இரண்டாவது குழந்தை அலெக்ஸ். பின்னால் இரண்டு தம்பிகள் பிறந்தார்கள்.

குழந்தைக்கு ஒரு வயது நிறையும் முன்பே இடி விழுந்தது. அவளுக்கு 'நியூரோபிளாஸ்டோமா' என்னும் புற்று நோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

அது என்ன நோய்?

குழந்தை கருவில் வளரும்போது நரம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக முதிர்ந்து, தம் வேலைக்குத் தயாராக வேண்டும். சில அணுக்கள் முதிராமல் நின்று, தாறுமாறாகப் பெருகிக் கட்டியாகி விடுகின்றன. அதுதான் இந்த நோய். பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பியில் இது தோன்றும். முதுகெலும்பை ஒட்டியும் தோன்றும். பிறகு எலும்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் பரவலாம். இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

பெற்றோர் செய்த தவறால் இது வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

முதல் பிறந்த நாளில் அலெக்சின் பெற்றோர் கேட்ட செய்தி என்ன தெரியுமா? குழந்தை பிழைத்தாலும் நடப்பது சந்தேகம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவள் கால்கள் அசையவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. "காலை உதை, பார்க்கலாம்" என்று பெற்றோர் சொன்னார்கள். குழந்தை காலைச் சிறிது அசைத்தாள்!

சிறிய அசைவுதான். ஆனால் அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய செய்தி!

இரண்டாவது பிறந்த நாளுக்குள் அலெக்ஸ் தவழ்ந்தாள். காலில் இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். நோய் தோற்றுவிட்டது போல இருந்தது.

ஆனால் மறு வருஷத்திலேயே கட்டி மறுபடியும் வளரத் தொடங்கியது.

ஐந்து டாலரா, ஆயிரம் டாலரா?

நாலாவது பிறந்த நாளுக்கு மறுநாள் நடந்தது 'ஸ்டெம் செல்' சிகிச்சை.

புற்று நோயைக் கொல்லும் மருந்தைச் சில நோயாளிகளுக்கு மிக அதிகமாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. அந்த மருந்து நோயை அழிப்பதோடு நிற்பதில்லை. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையும் அழித்துவிடும். ஆகவே ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். மருந்து கொடுத்து முடிந்ததும் அவற்றைத் திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். புதிய ரத்தம் ஊறும் வரை நோயாளி மிகவும் பலவீனமாக இருப்பார். சாதாரணச் சளி பிடித்தாலும் ஆபத்து.

பெரியவர்களே துவண்டு போகும் சிகிச்சை அது. அந்த நேரத்தில்தான் அலெக்சுக்குச் சர்பத் கடை நினைவு வந்தது.

தாய்க்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் கவலை. சர்பத் விற்று எவ்வளவு சேர்ந்துவிடப் போகிறது? ஐந்து டாலரோ பத்து டாலரோ கிடைக்கலாம். குழந்தை ஏமாந்து போகக் கூடாதே என்று எடுத்துச் சொன்னார். அது பற்றித் தனக்குக் கவலை இல்லை, எப்படியும் கடை போடத்தான் போகிறேன் என்று அலெக்ஸ் சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் ஜூலை மாதம் கடை திறந்தது. அண்ணன் பாட்ரிக்கும் கூட நின்றான்.

வசூல் எவ்வளவு? 2 ஆயிரம் டாலருக்கு மேல்!

சர்பத்துக்காக மட்டும் யாரும் இவ்வளவு பணம் கொடுத்திருக்க முடியாது. கடை எதற்காக என்று தெரிந்தவர்கள் மனம் விட்டுக் கொடுத்தார்கள்.

பக்கத்து ஊர், பக்கத்து மாநிலம்

2001-ம் ஆண்டு ஸ்காட் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியது. மகளின் சிகிச்சைக்காகப் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிலடெல்பியா நகருக்கு அருகில் வந்து குடியேறினார்கள்.

ஏன் பிலடெல்பியா? அமெரிக்காவிலேயே குழந்தைகளுக்கென்று முதன்முதல் தொடங்கப்பட்ட ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. 1855-ல் அதைத் தொடங்கினார்கள். நியூரோபிளாஸ்டோமாவுக்குப் புதிய சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் டாக்டர்கள் அங்கே இருந்தார்கள்.

ஊர் மாறியது, கடை மாறவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அலெக்ஸ் சர்பத் கடை போட்டாள். சில நாள் நன்றாக இருப்பாள். சில நாள் எழுந்திருக்கவே முடியாது. ஆனாலும் கோடை வந்தால் கடை வந்துவிடும்.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. டெலிவிஷனிலும் வந்தது. அதைக் கண்ட குழந்தைகள் தங்கள் வீட்டு வாசலிலும் மேஜை போட்டார்கள். சர்பத் விற்ற காசை அலெக்சுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடங்களில் கடை போட்டார்கள். கம்பெனிகளில் கடை போட்டார்கள்.

10 லட்சம் டாலர்!

2004-ம் ஆண்டு அலெக்ஸ் ஒரு பெரிய எண்ணைச் சொன்னாள். இந்த வருஷம் 10 லட்சம் டாலர் சேர்க்க வேண்டும்!

அவளுக்கு அப்போது 8 வயது. நோய் முற்றிக்கொண்டு இருந்தது.

ஜூன் மாதம் 12-ந் தேதி. பென் வின் என்ற இடத்தில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அலெக்ஸ் கடை போட்டாள். அவளுக்காக அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கடைகள் திறந்தன. மஞ்சள் எலுமிச்சம் பழமும் காகிதக் கோப்பையுமாக ஊர் ஊராகக் குழந்தைகள் நின்றார்கள். 10 லட்சம் நிச்சயமாகச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காக, வால்வோ கார் கம்பெனி பணம் திரட்டும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தித் தருவதாக வாக்குக் கொடுத்தது.

குறித்த தொகை சேர்ந்தது. அலெக்ஸ் அதைத் தெரிந்துகொண்டாள்.

ஜூன் 12-ந் தேதிக்குப் பிறகு சரியாக 50 நாட்கள். ஆகஸ்டு 1-ந் தேதி அலெக்ஸ் கண்ணை மூடினாள். தாயும் தந்தையும் அருகில் இருந்தார்கள்.

அவள் சேர்த்த பணம் அவளைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று அவள் சொன்னதும் இல்லை. மற்றக் குழந்தைகளுக்கு என்றுதான் தொடக்கத்திலிருந்தே சொன்னாள்.

பெற்றோர் செய்த முடிவு

மகள் போய்விட்டாள். வீட்டில் மூன்று பையன்கள் இருந்தார்கள். ஜேயும் லிஸும் என்ன செய்வது?

கடையை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எந்தத் தாய் தந்தைக்கும் அது மிகவும் பாரமான காரியம். தினமும் மகளின் பெயரைச் சொல்ல வேண்டும். தினமும் மகளின் படத்தைப் பார்க்க வேண்டும். மகளுக்கு வந்த அதே நோய் வந்த குழந்தைகளைச் சந்திக்க வேண்டும். அவர்களில் சிலர் பிழைப்பார்கள், சிலர் பிழைக்க மாட்டார்கள்.

அவர்கள் கடையை மூடவில்லை. 2005-ம் ஆண்டு மகளின் பெயரால் ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார்கள். பெயர், 'அலெக்ஸ் லெமனேட் ஸ்டாண்ட் பவுண்டேஷன்'. அலெக்சின் சர்பத் கடை அறநிலையம் என்று பொருள். கணவனும் மனைவியும் சேர்ந்தே அதை நடத்த முன்வந்தார்கள்.

குதிரை ஓடியது!

அறநிலையம் தொடங்கிய அதே 2005-ல் ஓர் ஆச்சரியம் நடந்தது.

பிலடெல்பியா பக்கத்து நண்பர்கள் சிலர் கூட்டாக ஒரு பந்தயக் குதிரை வைத்திருந்தார்கள். விலை 75 ஆயிரம் டாலர். பெரிய பந்தயக் குதிரைகளின் விலையோடு பார்த்தால் இது சிறிய தொகை. குட்டி பிறந்தபோது தாய்க் குதிரைக்குப் பால் இல்லை. புட்டியில் பால் ஊற்றி வளர்த்தார்கள்.

குதிரையின் பெயர் 'அப்லீட் அலெக்ஸ்'. சிறுமியின் பெயரும் அலெக்ஸ். இந்தப் பெயர் ஒற்றுமை தற்செயலானது. ஆனால் குதிரைக்காரர்கள் அதைச் சும்மா விடவில்லை. பந்தயத்தில் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சர்பத் கடைக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். பந்தய மைதானங்களில் சர்பத் கடைகள் முளைத்தன.

மே மாதம் கெண்டக்கி டெர்பி பந்தயத்தில் குதிரை மூன்றாவதாக வந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பால்டிமோர் நகரில் பிரீக்னஸ் பந்தயம். கடைசித் திருப்பம். முன்னால் ஓடிய குதிரை திடீரென்று குறுக்கே சாய்ந்தது. அப்லீட் அலெக்சின் கால் அதன் மேல் இடறியது. குதிரை மூக்கு மண்ணில் படும்படி முன்னால் கவிழ்ந்தது. ஜெரமி ரோஸ் என்ற ஜாக்கி பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

விழவில்லை! குதிரை காலை ஊன்றி எழுந்தது. மறுபடி ஓடியது. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வெற்றி பெற்றது!

ஜூன் மாதம் பெல்மாண்ட் பந்தயத்திலும் அதுவே முதலாவது. ஏழு குதிரை நீளம் முன்னால்! டெலிவிஷனில் பந்தயம் பார்த்தவர்கள் சர்பத் கடையின் கதையையும் தெரிந்துகொண்டார்கள்.

மறு ஆண்டு 2006-ல் பிலடெல்பியாவின் பெயர் பெற்ற சமையல் நிபுணர்கள் ஒன்று கூடினார்கள். அறநிலையத்துக்காகச் சமைத்து விருந்து வைத்துப் பணம் திரட்டினார்கள். அது ஆண்டு விழாவாக நிலைத்துவிட்டது. இவை தவிர, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் 'சர்பத் நாட்கள்' உண்டு. நாடு முழுவதும் குழந்தைகள் கடை போடும் நாட்கள் அவை.

நாலு வயதுக் குழந்தையின் முதல் வசூல் 2 ஆயிரம் டாலர். இதுவரை அறநிலையம் திரட்டிய தொகை 25 கோடி டாலருக்கும் அதிகம். ஒரு லட்சத்து 25 ஆயிரம் மடங்கு!

பணம் எங்கே போகிறது?

பணத்தின் பெரும் பகுதி ஆராய்ச்சிக்குப் போகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளுக்கு அறநிலையம் உதவியிருக்கிறது.

குழந்தைகளின் புற்று நோய் ஆராய்ச்சிக்குப் பணம் கிடைப்பது கடினம். காரணம் எளியது. புற்று நோய் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. குழந்தைகளில் அது குறைவு. வாங்குகிறவர் குறைவாக இருந்தால், மருந்துக் கம்பெனிகளுக்கு அக்கறையும் குறைவு. அந்த இடைவெளியைத்தான் இந்தச் சர்பத் காசு நிரப்புகிறது.

பலன் உண்டா? ஒரு சான்று பார்க்கலாம்.

அலெக்சுக்குச் சிகிச்சை நடந்த அதே பிலடெல்பியா ஆஸ்பத்திரியில், யேல் மோசே என்ற பெண் டாக்டர் ஆராய்ச்சி செய்தார். அறநிலையத்தின் உதவி பெற்றவர் அவர். சில குடும்பங்களில் நியூரோபிளாஸ்டோமா பரம்பரையாக வருகிறது. ஏன் வருகிறது? 'ஏ.எல்.கே.' என்ற மரபணுவில் உள்ள கோளாறுதான் பெரும்பாலும் காரணம் என்று 2008-ல் அவருடைய குழு கண்டுபிடித்தது.

அதே மரபணுவைத் தாக்கும் மருந்து ஒன்று பெரியவர்களின் நுரையீரல் புற்று நோய்க்காகத் தயாராகிக்கொண்டு இருந்தது. 'கிரிசாட்டினிப்' என்று பெயர். அதை ஏன் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கக் கூடாது? சோதனை தொடங்கியது. நெறிக்கட்டிகளில் வரும் ஒரு வகைப் புற்று நோய் உள்ள குழந்தைகளிடம் அந்த மருந்து மிக நன்றாக வேலை செய்தது. 2021-ம் ஆண்டு, ஒரு வயது முதல் உள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க அமெரிக்க அரசாங்கம் அனுமதி தந்தது.

அலெக்சின் நோய்க்கு இந்த மருந்து அவ்வளவு பலன் தரவில்லை. ஆனால் வழி தெரிந்தது. அதே வழியில் வந்த புதிய மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள்.

பஸ் செலவும் பாசமும்

ஆராய்ச்சி மட்டும் போதுமா? நோய் வந்த குடும்பத்துக்கு இன்றைய பாடு பெரும் பாடு ஆயிற்றே!

புதிய சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஏதோ ஒரு பெரிய நகரத்தில், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கும். அங்கே போக வேண்டும். ஒரு தடவை போனால் தீராது. பல தடவை போக வேண்டும். விமானச் சீட்டு, பெட்ரோல், தங்கும் இடம், சாப்பாடு என்று செலவு ஏறும். வேலைக்குப் போகிற தாயோ தந்தையோ லீவு போட வேண்டும். சம்பளம் குறையும். செலவு கூடும். "மருந்து இருக்கிறது, போக வழி இல்லை" என்ற நிலை ஏற்படலாம்.

மகளுக்காக ஊரையே மாற்றிக்கொண்டவர்கள் ஜேயும் லிஸும். இந்தப் பாடு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அறநிலையம் பிரயாணச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் உதவி செய்கிறது. சிகிச்சைக்காக வீட்டை விட்டு வெகு தூரம் போக வேண்டிய குடும்பங்களுக்கு இந்த உதவி கிடைக்கிறது.

இன்னொரு காரியமும் செய்கிறார்கள். பலர் நினைத்துக்கூடப் பார்க்காத காரியம் அது.

ஒரு குழந்தைக்குப் புற்று நோய் வந்தால், வீட்டில் உள்ள மற்றக் குழந்தைகள் என்ன ஆகிறார்கள்? தாய் ஆஸ்பத்திரியில் இருப்பார். தந்தை பாதி நாள் ஆஸ்பத்திரியில், பாதி நாள் வேலையில். அண்ணனும் தங்கையும் பாட்டி வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ இருப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் நோயாளிக் குழந்தையைப் பற்றியே விசாரிப்பார்கள். பொம்மையும் அதற்கே வரும். "என்னை யாரும் கவனிக்கவில்லை" என்று வாய் விட்டுச் சொல்லவும் அந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சம். தன்னால்தான் நோய் வந்ததோ என்று பயப்படும் பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பிள்ளைகளுக்காக 'சூப்பர் சிப்ஸ்' என்று ஒரு திட்டம். புற்று நோய் வந்த ஒரு குழந்தையின் தாய் தொடங்கியது அது. பிறகு அறநிலையத்தோடு சேர்ந்துவிட்டது. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை பெயருக்கே தபாலில் பொட்டலம் வரும். நோயாளிக்கு அல்ல, அவர்களுக்கே! மனத்தில் இருப்பதை எழுதவும் வரையவும் தூண்டும் சாமான்கள் வரும். "உன்னையும் நாங்கள் நினைக்கிறோம்" என்று அந்தப் பொட்டலம் சொல்லும்.

முதல் கடையில் அலெக்சோடு நின்றவன் யார்? அண்ணன் பாட்ரிக் அல்லவா? அந்த வீட்டிலும் மூன்று பையன்கள் இந்தத் துயரத்தை அனுபவித்தவர்கள்.

அதே ஊரில் இன்னொரு கதை

பிலடெல்பியாவுக்கு இது புதிது அல்ல. அலெக்ஸ் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இன்னொரு காரியம் நடந்தது.

பிரெட் ஹில் என்பவர் அந்த ஊர்க் கால்பந்துக் கோஷ்டியில் ஆடியவர். அவருடைய மகள் கிம்முக்கு 3 வயதில் ரத்தப் புற்று நோய் வந்தது. அவரும் மனைவியும் ஆஸ்பத்திரி நாற்காலியில் இரவு பகலாகக் கிடந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். வெளியூர்களிலிருந்து வந்த பெற்றோரும் அப்படியே கிடந்தார்கள். லாட்ஜில் தங்கப் பணம் இல்லை.

ஹில்லின் கோஷ்டிக்காரர்கள் பணம் திரட்ட முன்வந்தார்கள். பிலடெல்பியாக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆட்ரி இவான்ஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். நியூரோபிளாஸ்டோமா எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று தரம் பிரித்துக் காட்டி, 1971-ல் வழி வகுத்தவர் அவர்தான். பெற்றோர் தங்குவதற்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்பது அவருடைய வெகு நாளைய ஆசை. மெக்டொனால்டு என்ற சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பால் பானம் விற்ற லாபத்தைக் கொடுத்தார்கள்.

1974-ம் ஆண்டு அக்டோபரில் வீடு திறந்தது. 'ரொனால்டு மெக்டொனால்டு வீடு' என்று பெயர். அதைப் பார்த்து இன்று உலகத்தின் பல நாடுகளில் அத்தகைய வீடுகள் இருக்கின்றன. கிம் அந்த நோயிலிருந்து பிழைத்து வளர்ந்தாள். 2011-ல் தன் 44-வது வயதில் காலமானாள். டாக்டர் இவான்ஸ் 2022-ல் தம் 97-வது வயதில் காலமானார்.

ஒரு தந்தை நாற்காலியில் கிடந்தார். மற்றப் பெற்றோருக்குக் கட்டில் கிடைத்தது. ஒரு சிறுமி சர்பத் விற்றாள். மற்றக் குழந்தைகளுக்கு மருந்து தேட வழி பிறந்தது.

தாய்மார்கள் கவனிக்க

உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் புற்று நோய் வருகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணம் அடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் நூற்றுக்கு 30 பேர் கூடப் பிழைப்பதில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? நோய் ஒன்றுதான். தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒரு காரணம். மருந்து கிடைக்காதது ஒரு காரணம். பாதியில் சிகிச்சையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது இன்னொரு காரணம். பணம் இல்லாமல், பஸ் செலவுக்கு வழி இல்லாமல், திரும்பி வராமல் போகிற குடும்பங்கள் உண்டு.

விடாத காய்ச்சல், காரணம் தெரியாத வலி, உடம்பு வெளுத்துப் போதல், எடை குறைதல், எங்காவது கட்டி, கண்மணியில் வெள்ளையாக ஓர் ஒளி தெரிதல் - இவை குழந்தைக்கு இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது வேறு சாதாரண நோயாகத்தான் இருக்கும். ஆனாலும் காட்டிவிடுவது நல்லது. நாள் கடத்தக் கூடாது.

பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால்? நோய் தொற்றாது. பயந்து ஒதுங்க வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகலாம். வீட்டில் தனியாக இருக்கும் அண்ணனையோ தங்கையையோ கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை சொல்லலாம். இதற்குக் கோடி டாலர் வேண்டாம்.

இன்றும் ஜூன் மாதம் வந்தால், அமெரிக்காவில் வீட்டு வாசல்களில் மேஜைகள் வருகின்றன. அலெக்சை நேரில் பார்த்திராத குழந்தைகள், அவள் இறந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த குழந்தைகள், ஜாடியில் சர்பத்தை ஊற்றி வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறார்கள்.

"யாருக்காக இந்தக் கடை?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது.

மற்றக் குழந்தைகளுக்காக!